நீரில் கரையும் எஸ்ட்ராடையால் பொடி: மூளைச் செல் ஆய்வுக்கு வாங்கலாமா?

ஈஸ்ட்ரோஜன் மூளையில் எந்த மரபணுவை முடுக்குகிறது, எதை அடக்குகிறது என்று பார்ப்பவர்களுக்கு, ஈஸ்ட்ரோஜன்களில் முக்கியமான எஸ்ட்ராடையால் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று எத்தனாலில் கரைக்க வேண்டிய தூய பொடி. மற்றது சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறில் பொதிந்த, தண்ணீரிலேயே கரையும் பொடி. விலை கூடுதலான இந்த இரண்டாவது வகை அதற்குத் தகுந்ததுதானா?

மூளைத் துண்டுகளை வைத்து வேலை செய்பவர்களுக்குத் தகும். தூய பொடியோடு எத்தனாலும் துண்டுக்குப் போகிறது; வழக்கமாக அனுமதிக்கும் 0.1% எத்தனாலே 100 மி.லி.க்குச் சுமார் 79 மி.கி. ஆகிறது. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் ரத்த அளவு 30 மி.கி. இவ்வளவு சாராயத்தில் ஊறிய நியூரானின் அயனிக் கால்வாய்கள் ஹார்மோன் இல்லாமலே மாறக்கூடும்.

தவறு பெரும்பாலும் தராசில்தான் நடக்கிறது. 1 கிராம் பொடியில் எஸ்ட்ராடையால் ஏறக்குறைய 50 மி.கி.தான், மீதி சைக்ளோடெக்ஸ்ட்ரின். சரியான அளவு லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) மாறும், சான்றிதழைப் பார்த்துக் கணக்கிடுங்கள். 10 மி.லி.யில் 1 மில்லிமோலார் ஸ்டாக் (பிறகு நீர்க்கச் செய்து பயன்படுத்தும் அடர்கரைசல்) வேண்டுமென்றால் எஸ்ட்ராடையால் 2.72 மி.கி., அதாவது பொடி சுமார் 54.5 மி.கி. தூய பொடி என்று நினைத்து 2.72 மி.கி. போட்டால் 10 நானோமோலார் என்று நம்பியது 0.5 ஆகிவிடும். செல்லில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி அந்த அளவுக்கும் ஓரளவு பதில் சொல்லும் என்பதால் பிழை வெளியே தெரியாது.

கன்ட்ரோலுக்கு வெறும் சைக்ளோடெக்ஸ்ட்ரினைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். எஸ்ட்ராடையால் 10 நானோமோலார் என்றால் கூட வரும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பொருட்டல்ல. ஆனால் அளவு மிகவும் கூடினால் அது செல் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கத் தொடங்கலாம். அப்போது இந்தக் கன்ட்ரோல் இல்லாமல், மாறிய மரபணுக்கள் எதனால் மாறின என்று பிரிக்க முடியாது.

செல் வளர்ப்புக்கு மட்டும் என்றால் தூய பொடியே போதும், நீரில் கரையும் வகை வீண் செலவு. 2.72 மி.கி.யை 1 மி.லி. எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். கண்ணாடிக் குப்பியில் வையுங்கள், நீர்த்த கரைசல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். மூடி தளர்ந்தால் எத்தனால் ஆவியாகி ஸ்டாக் செறிவு ஏறிவிடும்.

எந்தப் பொடியானாலும் மீடியம் (செல் வளர்க்கும் திரவம்) சுத்தமில்லை என்றால் பயனில்லை. பீனால் ரெட் என்ற நிறங்காட்டி சேர்த்த மீடியத்துக்கே லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு. சீரத்தை, அதிலுள்ள ஹார்மோன்களை நீக்க, கரி-டெக்ஸ்ட்ரானில் வடிகட்டியதாக வாங்குங்கள். நியூரான்களுக்கு ஊற்றும் பி-27 என்ற ஊட்டக் கலவையிலோ புரோஜெஸ்டிரோனும் கார்டிகோஸ்டிரோனும் சேர்ந்தே வருகின்றன. பலர் லேபிளைப் பார்ப்பதே இல்லை.

பொடி வேலை செய்கிறதா என்று சோதிக்க ஹைபோதலாமஸில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி மரபணுவை அளப்பது நல்ல வழி, எஸ்ட்ராடையால் அதைத் தெளிவாக உயர்த்தும். கூடவே, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் மருந்து போட்ட ஒரு குழியும் (செல் தட்டில்) வையுங்கள். அதில் உயர்வு மறைய வேண்டும். கிஸ்1 மரபணுவை நம்பி ஹைபோதலாமஸ் முழுவதையும் அரைத்துவிடாதீர்கள். எலியில் ஹைபோதலாமஸின் ஆர்குவேட் உட்கரு என்ற நியூரான் கொத்தில் எஸ்ட்ராடையால் அதைக் குறைக்கிறது, முன்பக்கத்தில் ஏ.வி.பி.வி. என்ற இன்னொரு கொத்தில் கூட்டுகிறது. இரண்டையும் கலந்து அளந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி, பொடிதான் செத்துவிட்டது போலத் தோன்றும்.