இன்சுலின் அளவைத் திருத்த போன் மெசேஜ்: குமரி மாவட்டத்தில் எது பலன் தருகிறது

"ஊசி போட மறக்காதீர்கள்" என்று தினமும் வரும் மெசேஜை சில வாரத்தில் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பலன் தருவது நோயாளியிடமிருந்து திரும்பி வரும் எண்தான். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை செய்துகாட்டியதும் அதுவே: வார நாட்களில் காலைச் சர்க்கரையைக் கேட்டு ஒரு எஸ்.எம்.எஸ்., வாரம் ஒருமுறை நர்ஸின் அழைப்பு, அதில் யூனிட் மாற்றம்.

பதிலை "வெறும் வயிறு 142, ஊசி 14" என்றே எழுதச் சொல்லுங்கள்: முதலாவது சர்க்கரை, இரண்டாவது போட்ட யூனிட். 190 என்று மட்டும் வந்தால் அது சாப்பிடும் முன்னா பின்னா என்று தெரியாது. சாப்பிட்ட பின் எடுத்ததை நம்பி இரவு ஊசியைக் கூட்டினால் விடியும் முன்னே லோ சுகர் வரும். வழக்கமாக, மூன்று நாள் தொடர்ந்து 130-க்கு மேல் இருந்து, இடையில் லோ எதுவும் இல்லையென்றால் 2 யூனிட் கூட்டுவார்கள். 70-க்குக் கீழே போனால் 10 முதல் 20 சதவீதம் குறைப்பார்கள். அவரவர் கணக்கை டாக்டர் எழுதித் தர வேண்டும்.

நேரம்தான் இங்கே பெரிய சிக்கல். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். காலை 7 மணி மெசேஜ் வரும்போது அவர்கள் சீனி போட்ட கட்டன்சாயாவும் குடித்து, பாதி மரமும் வெட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு எடுக்கும் எண்ணை வைத்து ஊசியைத் திருத்தக் கூடாது. மெசேஜ் முந்தின இரவே போகட்டும்: "வெட்டுக்குப் போகும் முன் பாருங்கள்." குளச்சல், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு சிக்னலே கிடைக்காது. நோட்டில் எழுதிவைத்து, கரைக்கு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். படகில் இன்சுலினை ஐஸ்மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இரவு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சாப்பிட்டிருந்தால் மெசேஜில் "மரச்சீனி" என்று ஒரு வார்த்தை சேருங்கள். ஒருநாள் எண்ணுக்காக ஊசியைக் கூட்டாமல் இருக்க அது உதவும். சக்கையோ (பலாப்பழம்) நேந்திரன் பழமோ தொட்ட விரலில் குத்தினால் எண் பொய்யாக ஏறும். ஸ்பிரிட் துடைப்பு போதாது. சோப்பால் கழுவி உலர்த்த வேண்டும்.

மெசேஜால் கண்டுபிடிக்கவே முடியாத தவறு ஒன்று உண்டு. ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு ஆரஞ்சு மூடி ஊசி. 40 குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் 10 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 4 யூனிட்தான். 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறும், உயிருக்கே ஆபத்து. பதிலில் இரண்டுக்கும் "ஊசி 10" என்றே வரும். அதனால் முதல் வாரமே குப்பியையும் ஊசி மூடியையும் சேர்த்து ஒரு போட்டோ வாங்கிவிட வேண்டும். புதுக் குப்பி வாங்கும்போதெல்லாம் இன்னொன்று.

தமிழ் எஸ்.எம்.எஸ்.ஸில் ஒன்றுக்கு 70 எழுத்துக்குறிதான். பழைய பட்டன் போனில் சில சமயம் கட்டம் கட்டமாக வரும். கண் மங்கிய பாட்டிமாருக்கு வாட்ஸ்அப் வாய்ஸே மேல். பதிவு செய்த நம்பர் வளைகுடாவில் இருக்கும் மகனுடையதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியர்த்து, கை நடுங்கினால் மெசேஜ் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், பிறகு போன் செய்யுங்கள். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு நாள் எண் வராவிட்டால் நர்ஸே அழைத்துவிட வேண்டும்.