டிஃப் லாக்கர்: எப்போது போட வேண்டும், எப்போது எடுத்துவிட வேண்டும்

ஒரு ஆக்ஸிலின் (இடது, வலது சக்கரங்களைத் தாங்கும் அச்சு) இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் சாதனம்தான் டிஃப் லாக்கர். என் வண்டியின் பின் ஆக்ஸிலில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த எலெக்ட்ரிக் லாக்கர் இருக்கிறது. முன் ஆக்ஸிலுக்குக் காற்றழுத்தத்தில் வேலை செய்யும் லாக்கரை அப்புறம் வாங்கிப் போட்டேன். பாறை, சேறு, மணல், ஆற்றுப்படுகை என்று இரண்டையும் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். லாக்கர் உள்ள வண்டியைப் புதிதாக வாங்குபவர்கள் பலர், சிக்கிக்கொண்ட பிறகு அழுத்த வேண்டிய பொத்தான் அது என்று நினைக்கிறார்கள். அப்படிப் பயன்படுத்தினால் அதன் பலனில் பாதி கூடக் கிடைக்காது. சிக்கக்கூடிய இடத்துக்கு முன்னாலேயே போட வேண்டும், அந்த இடத்தைத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு இந்த இரண்டு நேரங்களும் பிடிபட்டால் போதும், மற்றது தானாக வரும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நேரம் பிடிபடும். இஞ்சின் விசையை ஆக்ஸிலின் இரு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃப்ரன்ஷியல், சுருக்கமாக டிஃப். லாக்கர் இல்லாத சாதாரண ஓப்பன் டிஃப்ரன்ஷியல் இடது, வலது இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் காற்றில் தொங்குகிறது என்றால் அதைச் சுற்றுவதற்கு மிகக் கொஞ்சம் விசையே போதும். தரையில் நல்ல பிடிப்போடு நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் போய்ச் சேரும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் தொங்கும் சக்கரம்தான் வேகமாகச் சுற்றுமே தவிர வண்டி நகராது. ஃபோர் வீல் டிரைவ் போட்டிருந்தாலும் இதே கதைதான். முன்னால் இடது சக்கரமும் பின்னால் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டால், மற்ற இரண்டு சக்கரங்கள் கெட்டித் தரையில் நின்றாலும் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

லாக்கர் போட்டால் ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். தொங்குவது தொங்கட்டும், தரையில் இருக்கும் சக்கரம் தனக்கு இருக்கும் பிடிப்பு முழுவதையும் பயன்படுத்தித் தள்ளும். இதற்கு விலையும் உண்டு. திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தை விட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 90 டிகிரி திரும்பும்போது வெளிச்சக்கரம் ஏறக்குறைய 2.36 மீட்டர் கூடுதலாக ஓடும். திருப்பம் பெரியதோ சின்னதோ, இந்தக் கணக்கு மாறாது. 30 அங்குல டயர் ஒரு முழுச் சுற்றில் ஓடும் தூரமும் கிட்டத்தட்ட இதேதான். அதாவது ஒரு முழுச் சுற்று வித்தியாசத்தை டயர் எங்காவது வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். சேற்றிலும் சரளையிலும் எளிதாக வழுக்கிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்காது, அந்த இழுபறி முழுவதும் ஆக்ஸில் தண்டுகளிலும் பல்சக்கரங்களிலும் ஏறும். அதனால்தான் தார்ச்சாலையில் லாக்கர் கூடவே கூடாது.

இனி போடும் நேரம். கடினமான இடம் வந்தால் நான் இறங்கி நடந்து பார்ப்பேன். எந்தச் சக்கரம் எங்கே இறங்கும், எது தூக்கும் என்று பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும். குறுக்கே பள்ளம், மாற்றி மாற்றி வரும் குழிகள், படி போல எழும் பாறை, ஒரு பக்கம் மட்டும் ஈரமான ஏற்றம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வண்டி சமதளத்தில் நிற்கும்போதே ஃபோர் லோவில் (நான்கு சக்கரங்களுக்கும் மெதுவான வேகத்தில் அதிக விசை தரும் லோ ரேஞ்ச் கியர்) போட்டு, பின் லாக்கரையும் போட்டுவிடுவேன். பொத்தானை அழுத்தியதும் விளக்கு சிமிட்டும். உள்ளே இருக்கும் பற்கள் நேருக்கு நேர் வந்தால்தான் பூட்டு விழும் என்பதால், ஓரிரு மீட்டர் மெதுவாக நகர்த்தி ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்த பிறகே ஏற ஆரம்பிப்பேன். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே பாறையில் ஏறி, ‘லாக்கர் வேலை செய்யவில்லை’ என்பார்கள்.

முன்கூட்டியே போட்டுவிட்டால் ஓட்டும் விதமே மாறிவிடுகிறது. வேகம் எடுத்துக் குதிக்க வைக்க வேண்டியதில்லை. இஞ்சின் ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், வண்டி நடந்து ஏறும். அடிபடுவது குறையும், டயர் வெட்டுப்படாது. இன்னொன்றும் எனக்கு முக்கியம். சக்கரம் சுற்றினால்தான் பாதை குழியாகும். பூட்டிய சக்கரங்களோடு மெதுவாக ஏறிய வண்டி அடுத்து வருபவருக்குப் பாதையை வந்தபடியே விட்டுச் செல்கிறது.

மறந்து ஏறி நடுவில் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டால்? சுற்றிக்கொண்டிருக்கும்போது பொத்தானைத் தொடவே கூடாது. வேகமாகச் சுற்றும் சக்கரம் ஒரு நொடியில் மற்றதோடு பூட்டிக்கொண்டால் அந்த அதிர்ச்சியைத் தண்டும் பற்களும்தான் தாங்க வேண்டும். காலை எடுங்கள், பிரேக்கில் வண்டியை நிறுத்துங்கள், சக்கரம் முழுதாக நிற்கட்டும். அதன் பிறகு பொத்தான். முடிந்தால் கொஞ்சம் பின்னால் வந்து, பூட்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

எடுக்கும் நேரமும் அதே அளவு முக்கியம். பொத்தானை அணைத்த உடனே பூட்டு விடுபட்டுவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்டுகளில் முறுக்கு ஏறியிருந்தால் பற்கள் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். தளர்ந்த மண்ணில் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினால் ‘டொக்’ என்று விடுபடும், விளக்கும் அணையும். கெட்டித் தரைக்கு வந்த பிறகு இதைச் செய்வதை விட, மண் தரை முடிவதற்குள் செய்துவிடுவது நல்லது.

முன் லாக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பலன் தருவதும் ஆபத்தாவதும் ஒரே இடத்தில்தான். போட்ட நொடியே ஸ்டீயரிங் கனக்கும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வைத்து ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் சக்கரம் திரும்பும்போது மடங்கிக்கொண்டே விசையைக் கடத்தும் மூட்டான சிவி ஜாயிண்ட் அல்லது யுனிவர்சல் ஜாயிண்ட் உடைவதற்கு அதை விட நல்ல வழி கிடையாது. ஒரு உதாரணக் கணக்கு: 300 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தரும் இஞ்சின், முதல் கியர் விகிதம் 4, லோ ரேஞ்ச் 2.5, ஆக்ஸில் விகிதம் 4. பெருக்கினால் 12,000 நியூட்டன் மீட்டர். வழக்கமாக இது நான்கு சக்கரங்களுக்குப் பிரியும். எல்லாம் பூட்டி, ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிடிப்பு கிடைத்தால் அதன் பெரும்பகுதி ஒற்றைத் தண்டு வழியாகப் போக வேண்டியிருக்கும். அந்தத் தண்டின் முனையில் இருக்கும் மூட்டு முழுக் கோணத்தில் மடங்கியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் என் வழக்கம் இது. முதலில் பின் லாக்கர் மட்டும். பெரும்பாலான இடங்களுக்கு அதுவே போதும், ஏனென்றால் ஏற்றத்தில் எடை பின் சக்கரங்களின் மேல்தான் சாய்கிறது. முன் சக்கரங்கள் ஏறி நின்று மேலே போக முடியாத பாறைப் படி வந்தால், ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு முன் லாக்கரைப் போடுவேன். ஏறியதும் எடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். மெர்சிடிஸ் ஜி கிளாஸில் மூன்று லாக்கர்களும் நடு (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையில் இருப்பது), பின், முன் என்ற வரிசையில்தான் விழும்படி வடிவமைத்திருக்கிறார்கள். எந்த வண்டிக்கும் அந்த வரிசை பொருந்தும்.

பக்கவாட்டுச் சரிவுதான் நான் அதிகம் பயப்படும் இடம். ஓப்பன் டிஃப்ரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினாலும் மற்றது சுற்றாமல் நின்று, பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும். சுற்றி வழுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும். வண்டியின் பின்பகுதி மெல்ல சரிவின் கீழ்ப்பக்கம் இறங்கும். ஈரப் புல், களிமண், பனி மூன்றிலும் இது நொடியில் நடக்கும். கூட வந்த ஒரு வண்டி இப்படி வாலைக் கீழே விட்டு மரத்தில் சாய்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தார், அவ்வளவுதான். இந்த மாதிரி இடத்தில் லாக்கரை எடுத்துவிட்டு, டிராக்‌ஷன் கண்ட்ரோலை (வழுக்கிச் சுற்றும் சக்கரத்தை மட்டும் தானாக பிரேக் பிடிக்கும் வசதி) நம்பி மெதுவாகப் போவதே பாதுகாப்பு.

செங்குத்தான இறக்கத்தில் நேராக இறங்கும்போது பின் லாக்கருக்கு ஒரு நல்ல பயன் உண்டு. ஒரு சக்கரம் தூக்கிவிட்டால் ஓப்பன் டிஃப்ரன்ஷியலில் இஞ்சின் பிரேக்கிங் கைவிட்டுவிடும், வண்டி திடீரென்று ஓட ஆரம்பிக்கும். பூட்டியிருந்தால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து தடுக்கும். ஆனால் இறக்கத்தில் திரும்ப வேண்டியிருந்தால் முன் லாக்கர் வேண்டாம். லாக்கர் போட்டதும் பல வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நின்று வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சியும் அணைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலில் எனக்கு லாக்கர் அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை. 35 பிஎஸ்ஐ இருந்த டயரின் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். நின்ற இடத்திலிருந்து கிளம்ப மட்டும் பின் லாக்கர் உதவும். புதைந்த பிறகு போட்டு மிதித்தால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து குழி தோண்டும்.

‘டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கும்போது லாக்கர் எதற்கு?’ என்ற கேள்வி நியாயமானது. சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து மற்றதுக்கு விசை அனுப்பும் அந்த முறை இப்போது மிகவும் நன்றாக வந்துவிட்டது. சுசுகி ஜிம்னி லாக்கர் இல்லாமல் அதை வைத்தே வியக்க வைக்கும் இடங்களில் ஏறுகிறது. ஆனால் அது வேலை செய்ய முதலில் ஒரு சக்கரம் சுற்றியாக வேண்டும். நீண்ட ஏற்றத்தில் பிரேக் சூடாகும். லாக்கர் சுற்றுவதற்கே இடம் கொடுப்பதில்லை. மிதமான பாதைகளில் மட்டும் போகிறவருக்கு டிராக்‌ஷன் கண்ட்ரோல் தாராளமாகப் போதும். பாறையிலும் ஆழமான குழிகளிலும் அடிக்கடி போகிறவருக்குப் போதாது.

தானாகப் பூட்டும் வகைகளை நண்பர்களின் வண்டிகளில் ஓட்டியிருக்கிறேன். மஹிந்திரா தாரிலும் ஜிஎம் பிக்கப்களிலும் வரும் ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் பூட்டிக்கொள்ளும். மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. இதில் பொத்தான் இல்லாததால் ஓட்டுபவர் பொறுமையாக இருக்க வேண்டும். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பயந்து காலை எடுக்காமல், அதே அளவு ஆக்சிலேட்டரில் ஒரு கணம் வைத்திருந்தால் ‘டக்’ என்று பிடிக்கும். டெட்ராய்ட் லாக்கர் நேர் எதிர். விசை கொடுக்கும்போது எப்போதும் பூட்டியே இருக்கும், திருப்பத்தில் வெளிச்சக்கரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கும். உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஈரச் சாலையில் அது பின்பகுதியைத் தள்ளும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தினசரி ஓட்டும் வண்டிக்கு, வேண்டும்போது போட்டு எடுக்கும் வகையைத்தான் சொல்வேன், அதுவும் முதலில் பின் ஆக்ஸிலுக்கு.

பராமரிப்பில் எலெக்ட்ரிக் லாக்கர் எனக்குத் தொந்தரவு தந்ததில்லை. தண்ணீரில் இறங்கி வந்த பிறகு கனெக்டரில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும், டிஃப் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாகியிருக்கிறதா என்று பார்ப்பதும் போதும். காற்று லாக்கரில்தான் வேலை அதிகம். பொருத்தியவர்கள் காற்றுக் குழாயை சைலன்சர் குழாய்க்கு மிக அருகில் கொண்டுபோயிருந்தார்கள், அது சூட்டில் இளகிக் கசிந்தது. மாற்றி வேறு வழியாக இழுத்த பிறகு சரியானது. கம்ப்ரஸர் சும்மா இருக்கும்போது அடிக்கடி ஓடுகிறது என்றால் எங்கோ கசிவு என்று அர்த்தம்.

நீண்ட நாள் போடாமல் வைத்திருந்தாலும் லாக்கர் இறுகிக்கொள்ளும். மாதம் ஒருமுறையாவது மண் தரையில் நேராகக் கொஞ்ச தூரம் போட்டு எடுத்துவிடுவேன். விளக்கை மட்டும் நம்ப மனம் வரவில்லை என்றால், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலை இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பூட்டியிருந்தால் மறு சக்கரமும் அதே திசையில் சேர்ந்து சுற்றும். பூட்டை எடுத்துவிட்டு கியரில் போட்டுச் சுற்றினால் அது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.