பெப்டைடு–செல் சவ்வுச் சோதனை: பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றின் சேவை

தேனீ நஞ்சின் முதன்மைப் பொருளான, 26 அமினோ அமிலங்கள் கொண்ட மெலிட்டின் என்ற சிறு புரதச் சங்கிலி (பெப்டைடு) செல் சவ்வை எப்படித் துளைக்கிறது என்பதை அளக்க, பெங்களூரில் உள்ள ஒரு தனியார் ஆய்வுக்கூடத்திடம் மாதிரிகளைக் கொடுத்திருந்தேன்.

கசிவுச் சோதனையில் அவர்கள் காட்டும் நேர்த்தி பாராட்டத்தக்கது. 100 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் சவ்வின் வழியே பலமுறை செலுத்திச் சீராக்கிய, செல் சவ்வைப் போன்ற கொழுப்புப் படலம் கொண்ட நுண்குமிழிகளான லிப்போசோம்களுக்குள், நெருக்கமாக அடைபட்டிருப்பதாலேயே ஒளிர்வு அடங்கியிருக்கும் கார்பாக்சிஃபுளோரசீன் சாயத்தை நிரப்பி, பெப்டைடு துளைத்ததும் அது வெளியேறும்போது கூடும் ஒளிர்வைத் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். இறுதியில் குமிழிகளை முழுவதும் உடைக்கும் சோப்பு போன்ற பொருளான ட்ரைட்டான் சேர்த்து முழுக் கசிவையும் அளந்த பிறகே சதவீதம் தருகிறார்கள். உள்ளே புகாத சாயத்தை நீக்கினீர்களா என்று கேட்டபோது, பொறுப்பிலிருந்த சேலத்துப் பெண்மணி, "வாங்க சார், நீங்களே பாருங்க" என்று அழைத்து, துகள்களை அளவுப்படி பிரிக்கும் செஃபடெக்ஸ் மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில், உள்ளே புகாத சாயத்தின் ஆரஞ்சுப் பட்டை பின்தங்கி இறங்குவதைக் காட்டினார்.

பெப்டைடின் வடிவத்தை அது ஒளியை உறிஞ்சும் விதத்தால் அறியும் சர்குலர் டைக்ராயிசம் அளவீட்டில்தான் குறை. சோடியம் குளோரைடு கரைசலையே பயன்படுத்தியதால், குளோரைடு ஒளியை உறிஞ்சி 200 நானோமீட்டருக்குக் கீழான பகுதியைக் கெடுத்துவிட்டது. சோடியம் ஃபுளோரைடுக்கு மாற்றியிருக்க வேண்டும். இருப்பினும், லிப்போசோம் சேர்த்ததும் வரைபடத்தில் ஆல்ஃபா சுருள் வடிவத்துக்கே உரிய 208, 222 நானோமீட்டர் பள்ளங்கள் ஆழமானதால், பெப்டைடு அச்சுருளாவது தெளிவாயிற்று.

கசிவுச் சோதனைக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்றதற்கு, எந்தக் கரைசலில் அளப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.