ஷேர்சோர்ஸ்: பிடி நர்ஸுக்கு எதைக் காட்டும், எதைக் காட்டாது

இரவில் வயிற்று வழி டயாலிசிஸ் (பெரிட்டோனியல் டயாலிசிஸ், சுருக்கமாக பிடி) செய்யும் ஹோம்சாய்ஸ் கிளாரியா இயந்திரத்துடன் வரும் தொலைக் கண்காணிப்பு வசதி ஷேர்சோர்ஸ். பாக்ஸ்டரின் தயாரிப்பு, 2025இல் அந்தப் பிரிவு வான்டிவ் என்று தனி நிறுவனமாகிவிட்டது. வீட்டில் நடந்த சிகிச்சையின் விவரங்களை மோடம் அனுப்பும். பிடி நர்ஸ் காலையில் கணினியில் பார்க்கலாம்.

இது நேரலை அல்ல. சிகிச்சை முடிந்த பிறகுதான் விவரம் வரும். நள்ளிரவில் அலாரம் அடித்தால் நோயாளிதான் போன் செய்ய வேண்டும். பயிற்சியின்போதே இதைச் சொல்லாவிட்டால், "நர்ஸ் பார்த்துக்கிட்டுதான் இருப்பாங்க" என்று இருந்துவிடுவார்கள்.

டிரெயின் (வயிற்றிலிருந்து நீர் வெளியேறும்) விவரத்துக்காகவே இதை வாங்கலாம். 8 மணி நேரத்தில் 2 லிட்டர் வீதம் 4 சுற்று என்று வையுங்கள் (நீரை ஏற்றி, தங்கவிட்டு, வெளியேற்றுவது ஒரு சுற்று). முன்பு 20 நிமிடத்தில் வெளியேறிய நீர் இப்போது 35 நிமிடம் எடுக்கிறது. இயந்திரம் குறித்த நேரத்தில் முடிக்கப் பார்க்கும். அதனால் நீர் வயிற்றில் தங்கும் நேரத்தைக் குறைத்துவிடும். நான்கு சுற்றில் இழப்பு ஒரு மணி நேரத்தை நெருங்கும். நோயாளிக்கு அது தெரியவே தெரியாது. திரையில் அப்பட்டமாகத் தெரியும். எல்லாச் சுற்றும் மெதுவானால் முதலில் மலச்சிக்கல் பற்றிக் கேளுங்கள், பிறகு ஃபைப்ரின் (குழாயை அடைக்கும் புரத இழை), கதீட்டர் (வயிற்றில் பொருத்திய குழாய்) நுனி நகர்ந்திருப்பது. ஓரிரு சுற்றில் மட்டும் அலாரம் என்றால் பெரும்பாலும் தூக்கத்தில் புரண்டு குழாய் மடிந்திருக்கும். பைபாஸ் (ஒரு கட்டத்தைத் தாண்டிச் செல்வது) அழுத்தியதும், பாதியில் நிறுத்தியதும் பதிவாகிவிடும்.

மருத்துவர் சொல்லும் மாற்றத்தை இங்கிருந்தே அனுப்பலாம். நோயாளி தன் இயந்திரத்தில் ஏற்றுக்கொண்டால் போதும். தொலைவில் இருப்பவருக்கு ஒரு பயணம் மிச்சம்.

கழிவு நீர் கலங்கியிருப்பது இதற்குத் தெரியாது. பெரிட்டோனைட்டிஸின் (வயிற்றறைத் தொற்று) முக்கிய அறிகுறியே அதுதான். தினமும் பையைப் பார்க்கும் பழக்கத்தை விடவே கூடாது. மாட்டியது 1.5 சதவீத குளுக்கோஸ் பையா 4.25 சதவீதப் பையா என்பதும் தானாகத் தெரியாது; அடர்த்தி கூடினால் நீர் அதிகம் வெளியேறும். திடீரென நீர் அதிகம் வெளியேறினால் மகிழாதீர்கள், எந்தப் பை என்று கேளுங்கள். பகலில் கையால் செய்யும் நீர் மாற்றமும் இதில் தானாக வராது.

எச்சரிக்கைக் கொடிகளின் எல்லையை டயாலிசிஸ் மையமே வைத்துக்கொள்ளலாம். மிக நெருக்கமாக வைத்தால் தினமும் பாதிப் பேருக்குக் கொடி விழும். ஒரு மாதத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். தினமும் காலையில் இதைத் திறக்க ஒரு நர்ஸைப் பொறுப்பாக்கும் மையத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்போம். அப்படி ஆள் இல்லாத மையத்துக்கு வேண்டாம். இயந்திரம் வைக்கும் முன் படுக்கையறையில் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிகிச்சை முடிந்த கையோடு, விவரம் போய்ச் சேரும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டாம் என்றும் வீட்டாரிடம் சொல்லுங்கள்.