எடைக் குறைப்பு ஊசி: ஓபிடி ரைடரா, ஆபரேஷனா, கைக்காசா?

மவுன்ஜாரோ, வெகோவி மாதிரி எடைக் குறைப்பு ஊசிக்கு நம்ம ஊர் தனியார் ஹெல்த் இன்சூரன்ஸ் பணம் தருமா என்று கேட்டால், சாதாரணமாக எல்லோரும் வைத்திருக்கிற பாலிசியில் தராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் "டாக்டரே எழுதிக் கொடுத்த மருந்துதானே, கிளெய்ம் பண்ணிக்கலாம்" என்ற நம்பிக்கையில் முதல் மாத ஊசியை வாங்கிவிட்டு அப்புறம்தான் பாலிசிப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். எனக்கு டாக்டர் ஊசி எழுதிய சமயம் பாலிசி புதுப்பிக்கும் தேதியும் நெருங்கியிருந்தது, அதனால் மூன்று வழிகளையும் உட்கார்ந்து கணக்குப் போட முடிந்தது. இருக்கிற பாலிசியோடு ஓபிடி ரைடர், அதாவது வெளிநோயாளிச் செலவுகளுக்கான கூடுதல் காப்பீடு, சேர்ப்பது ஒன்று. இன்சூரன்ஸ் ஏற்றுக்கொள்கிற எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போவது இன்னொன்று. ஊசிக்குக் கைக்காசு போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பாலிசியை மட்டும் பலமாக வைத்துக்கொள்வது மூன்றாவது. நான் எடுத்தது மூன்றாவது, இப்போதும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

வெறும் ஆஸ்பத்திரிப் பாலிசி ஏன் தராது என்பது சுலபம். அது படுக்கையில் சேர்ந்து எடுக்கிற சிகிச்சைக்கானது, 24 மணி நேரம் தங்க வேண்டும் அல்லது ஒரே நாளில் முடிகிற டே கேர் சிகிச்சைப் பட்டியலில் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை வீட்டிலேயே வயிற்றில் போட்டுக்கொள்கிற ஊசி இந்த இரண்டிலும் வராது.

ஆபரேஷன் கதை வேறு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே மாதிரி விலக்கு வாசகங்களை வகுத்துக் கொடுத்தது. அதில் எக்ஸ்குளூஷன் 06 என்பது உடல் பருமன் பற்றியது. டாக்டரின் பரிந்துரை, 18 வயது, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல் என்று சில நிபந்தனைகள் பூர்த்தியானால் பருமனுக்கான அறுவை சிகிச்சை விலக்கில் வராது. பிஎம்ஐ 35 இருந்தாலும் போதும், ஆனால் கூடவே பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை இவற்றில் ஒன்று இருக்க வேண்டும், மற்ற வழிகளில் எடை குறைக்க முயன்று பலிக்காமலும் போயிருக்க வேண்டும்.

இதை என் உடம்பில் வைத்துப் பார்க்கிறேன். ஐந்தரை அடி உயரம், 93 கிலோ, பிஎம்ஐ 33. 35ஐத் தொட இன்னும் ஐந்து கிலோ ஏற வேண்டும், 40 என்றால் 112 கிலோ. பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அந்தப் பட்டியலில் பிபி இல்லை. ஆனால் நம்மைப் போன்ற ஆசிய உடம்புக்கு பிஎம்ஐ 25 தாண்டினாலே பருமன் என்கிறார்கள் இந்திய மருத்துவர்கள். ஊசி மருந்தின் அனுமதியும் 30க்கு மேல், அல்லது 27உடன் கூட ஒரு நோய் இருந்தால் என்று ஆரம்பிக்கிறது. ஆக 27க்கும் 35க்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கு டாக்டர் ஊசி எழுதுவார், இன்சூரன்ஸ் ஊசிக்கும் தராது, ஆபரேஷனுக்கும் தராது. நம் ஊரில் பருமன் பிரச்சினையோடு டாக்டரிடம் போகிறவர்களில் ஏகப்பட்ட பேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

சரி, ஓபிடி ரைடர். டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மருந்துக் கடை பில் என்று வெளிநோயாளிச் செலவுகளுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு கொடுப்பார்கள். எனக்குச் சொன்ன வரம்பு 20,000 ரூபாய், அதற்குக் கூடுதல் பிரீமியம் 6,000 சொச்சம். பிபி மாத்திரையும் வருஷாந்திர டெஸ்ட்டும் இதிலேயே போய்விடும் என்றார் ஏஜென்ட், அதுவரை சரி. ஊசிக்குக் கிடைக்குமா என்று நேராகக் கேட்டதற்கு, பிரிஸ்கிரிப்ஷன் இருந்தால் கிடைக்கும் சார் என்றார். நான் அதையே கம்பெனிக்கு மெயிலில் கேட்டேன். அடிப்படைப் பாலிசியின் விலக்குகள் எல்லாம் ரைடருக்கும் பொருந்தும், எடைக் கட்டுப்பாட்டு மருந்துக்குத் தொகை வழங்கப்படாது என்று பதில் வந்தது. இதில் வாதாட ஒரு இடம் இருக்கிறது, எக்ஸ்குளூஷன் 06இன் வாசகம் பருமனுக்கான அறுவை சிகிச்சையைப் பற்றித்தான் பேசுகிறதே தவிர மருந்தைப் பற்றி இல்லை. இதை வைத்து, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லை, சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. ஆனால் நான் போகவில்லை, போய் ஜெயித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. அதனால் அதை ஒரு வழியாக உங்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு பேச்சுக்கு ரைடர் ஊசிக்கும் பணம் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். நான் ரைடரை ஒதுக்கியதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது, மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். முதல் நாலு வாரம் சின்ன டோஸ், அதற்கு 14,000. மிச்ச 48 வாரமும் டோஸை ஏற்றாமல் 5 மில்லிகிராமிலேயே நின்றால் 2,10,000. முதல் வருஷம் மட்டும் 2,24,000 ரூபாய். ரைடரின் 20,000 இதில் நாலரைக் குப்பி, அதாவது ஒரு மாதமும் சில நாட்களும். பிரீமியத்தைக் கழித்தால் கையில் நிற்பது 14,000 சுமார்.

இதுகூட ஒரு வருஷத்தோடு முடிகிற செலவாக இருந்தால் 14,000 லாபம்தானே என்று வாங்கியிருப்பேன். ஆனால் இது முடிகிற மருந்து இல்லை. மவுன்ஜாரோவில் உள்ள மருந்தான டிர்செபடைட்டை வைத்து நடந்த சர்மவுண்ட்-4 ஆய்வில் எல்லோருக்கும் 36 வாரம் ஊசி போட்டார்கள், சராசரியாக 20.9 சதவீதம் எடை குறைந்தது. அதற்குப் பிறகு பாதிப் பேருக்கு ஊசியைத் தொடர்ந்தார்கள், மீதிப் பேருக்கு அவர்களுக்குத் தெரியாமல் மருந்தில்லாத ஊசி. 88ஆம் வாரத்தில் பார்த்தபோது தொடர்ந்தவர்களுக்கு எடை இன்னும் 5.5 சதவீதம் இறங்கியிருந்தது, நிறுத்தப்பட்டவர்களுக்கு 14 சதவீதம் திரும்ப ஏறியிருந்தது. பசியை அடக்கி வைத்திருப்பது மருந்து, அது போனால் பசி பழையபடி வந்துவிடுகிறது, இதில் மன உறுதி இல்லாதவன் என்று யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிபி மாத்திரையை நிறுத்தினால் பிபி ஏறுகிற மாதிரிதான். ஆக ஊசியை ஆரம்பிக்கிறவர் இரண்டு வருஷம், மூன்று வருஷம், சில பேருக்கு அதற்கு மேலும் என்று நினைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு மாதச் செலவை ஈடுகட்டுகிற ரைடரை நம்பி ஆரம்பித்துவிட்டு, பணம் புரளாத மாதத்தில் பாதியில் நிறுத்தினால், போட்ட காசும் போச்சு, எடையும் திரும்பிவிடும். எனவே "இன்சூரன்ஸ் எவ்வளவு தரும்" என்று கேட்பதற்கு முன்னால், இன்சூரன்ஸ் ஒரு பைசா தராவிட்டாலும் இரண்டு வருஷம் என்னால் தொடர முடியுமா என்று கேட்டுக்கொண்டேன். முடியும் என்று ஆனபின் ரைடர் தேவைப்படவில்லை. முடியாது என்றிருந்தால் ரைடர் என்னைக் காப்பாற்றியிருக்காது.

இன்னொரு யோசனையும் வந்தது. "டாக்டரிடம் சொல்லி சர்க்கரைக்கு என்று எழுதி வாங்கிடுங்க, பாஸாகிடும்" என்று. இந்த மருந்து சர்க்கரைக்கும் உள்ளதுதான், நிஜமாகவே டைப் 2 சர்க்கரை இருப்பவர்களின் ஓபிடி கிளெய்ம் வேறு கணக்கு, அவர்கள் தாராளமாகக் கேட்டுப் பார்க்கலாம். இல்லாத சர்க்கரையை எழுதி வாங்குவது பொய்க் கிளெய்ம், பாலிசியையே ரத்து செய்யலாம். மாட்டாவிட்டாலும் நம் பெயரில் சர்க்கரை நோயாளி என்று பதிவாகிவிடும், நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறும்போது அதை எப்படி மறுப்பது? தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

ஆபீஸ் குரூப் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை என்று கேள்விப்பட்டு மச்சானிடம் கேட்டேன், அவர் ஐடி கம்பெனியில் இருக்கிறார், ஓபிடிக்குத் தனி வாலட் உண்டு. அவர் கிளெய்ம் பண்ணித் திரும்பி வந்த தாளைக் காட்டினார். டாக்டர் கன்சல்டேஷன், எச்பிஏ1சி என்ற சர்க்கரை டெஸ்ட், கொலஸ்ட்ரால் டெஸ்ட், தைராய்டு டெஸ்ட் நாலு வரிக்கும் முழுத் தொகை போட்டிருந்தது. ஐந்தாவது வரி ஊசி, அதற்கு எதிரே சைபர், பக்கத்தில் எடைக் குறைப்பு மருந்து என்று காரணம். மற்ற கம்பெனிகளின் குரூப் பாலிசிகளை நான் பார்த்ததில்லை, முதலாளி பேசி வாங்குகிற நிபந்தனையைப் பொறுத்து மாறும், எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

கைக்காசு என்று முடிவெடுத்தால் பார்க்க வேண்டியவை சில. குப்பியாக வாங்கினால் வாரம் ஒன்றாக வாங்கலாம், சிரிஞ்சில் ஏற்றிப் போட வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த மவுன்ஜாரோவின் பேனா வடிவ ஊசியில் நாலு டோஸ் உள்ளதால் மாதப் பணம் மொத்தமாகப் போகும், ஆனால் போடுவது சுலபம். சின்ன டோஸில் இரண்டுக்கும் அப்போது மாதத்துக்கு அதே 14,000தான், அதனால் சம்பளத் தேதியைப் பார்த்துக் குப்பியே போதும் என்று எடுத்தேன். கடையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஐஸ் பேக்கோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார்களா, பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று நின்று பார்த்து வாங்குங்கள். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து அது, நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டு எடுத்து வருவதற்கில்லை.

விலை இறங்குகிற பக்கம்தான் போகிறது. வெகோவி 2025 ஜூனில் வந்தபோது ஆரம்ப டோஸ் மாதம் 17,345 ரூபாய், நவம்பரில் 10,850 ஆக்கினார்கள், அதிகபட்ச டோஸ் 26,015இலிருந்து 16,400 ஆனது. வெகோவியில் உள்ள மருந்தான செமாக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச் வரைதான் ஆயுள், அதன்பின் உள்ளூர்க் கம்பெனிகளுக்கும் வழி திறக்கிறது. மருந்து விலை இறங்க இறங்க ரைடருக்குக் கட்டுகிற பிரீமியத்துக்கு அர்த்தம் இன்னும் குறையும் என்பது என் கணிப்பு. வருமான வரியில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டால், பழைய வரி முறையில் கழிவு பிரீமியத்துக்குத்தான், 60 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் மருந்துக் கடை பில்லுக்கு இல்லை.

ரைடருக்குக் கட்டாத பணத்தை அடிப்படைப் பாலிசியின் தொகையை ஏற்றப் போட்டேன். காரணம், எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் வர வாய்ப்பு கூடும். பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு உண்டு. அதாவது ஊசி ஆரம்பிக்கும்போது பாலிசி இரண்டு வருஷம் தாண்டியதாக இருப்பது ரொம்ப நல்லது. புதுப் பாலிசி எடுக்கிறவர்கள் ஊசி போடுவதையும் பிபியையும் மறைக்காமல் எழுதுங்கள், ஏற்கனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சக் காத்திருப்பு 2024இலிருந்து 36 மாதம்தான், முன்பு 48. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை, அதனால் தொகையை ஏற்றுவது பழைய அளவு பாரமாகத் தெரியவில்லை.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. சித்தி மகன் 118 கிலோவில் இரைப்பையைச் சிறிதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டான், காத்திருப்புக் காலம் முடிந்திருந்ததால் கேஷ்லெஸ் கிடைத்தது, ஆனால் சுலபமாகப் போய் வந்தான் என்று சொல்ல மாட்டேன், கம்பெனிக்காகக் கிளெய்மைப் பார்க்கிற டிபிஏ பழைய டயட் சார்ட் எல்லாம் கேட்டு வாங்கியது. வைட்டமின் மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறான். பிஎம்ஐ 40க்கு மேல், பாலிசியும் பழையது, ஊசிக்கு வருஷம் இரண்டு லட்சம் முடியாது என்கிற நிலையில் இருப்பவர் என் முடிவைப் பின்பற்ற வேண்டாம், நல்ல பேரியாட்ரிக் சர்ஜனைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏஜென்ட்டின் வாய் வார்த்தையை வைத்துப் பணம் கட்டாதீர்கள். கம்பெனிக்கு மெயிலில், மருந்தின் பெயர், டாக்டர் எழுதிய நோயின் பெயர், உங்கள் பிஎம்ஐ மூன்றையும் குறிப்பிட்டு, "இதை ஓபிடியில் மருந்துக் கடை பில்லாகத் தாக்கல் செய்தால் தொகை கிடைக்குமா, கிடைக்காது என்றால் எந்த விதிப்படி" என்று கேளுங்கள். எனக்கு ஒரு வாரத்துக்குள் பதில் வந்தது. முதல் தடவை வாங்குகிற பாலிசி என்றால் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் இருக்கிறது, பதில் அதற்குள் வருகிற மாதிரி கையில் பாலிசி வந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.