ஐம்பதாயிரம் ரூபாய் ஜன்னலும் ஓரடி வென்டிலேட்டரும்

நான் இரவில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்குகிறவன். நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியர். நகரப் பதிப்பு அச்சுக்குப் போனபிறகு பைக்கை எடுத்து உறையூர் வந்து சேரும்போது மணி மூன்று. காலை பதினொன்று வரை தூங்கினால்தான் மறுநாள் தலைப்பில் பிழை விடாமல் இருப்பேன். படுக்கையறை முதல் மாடியில் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே பன்னிரண்டு அடிச் சந்து, அதைத் தாண்டினால் ஒரு நடுநிலைப் பள்ளியின் விளையாட்டுத் திடல்.

வாடகைக்கு வந்தபோது இதை யாரும் மறைக்கவில்லை. நான் வீடு பார்க்க வந்தது மே மாதத்தில், அவ்வளவுதான். ஜூனில் பள்ளி திறந்த அன்று படுக்கையை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

ஐந்து வருடம் பொறுத்துவிட்டு, போன ஆண்டு வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, இரட்டைக் கண்ணாடி வைத்த யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னல் இரண்டு போட்டேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிக் குடியிருக்கும் யாராவது அதே யோசனையில் இருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வேலை செய்துகொடுத்த கடையின் பெயர் வேண்டாம். அவர்களிடம் குறையும் உண்டு, நிறையும் உண்டு. பெயரைவிட என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஜன்னலுக்கு முன்னால் எல்லாரும் வாங்குவதை நானும் வாங்கினேன். காதில் செருகும் நுரை. உறையில் 29 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தது. விரலால் உருட்டி மெலிதாக்கி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆழமாகச் செருகி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். பாதிப் பேர் சும்மா காதின் வாசலில் வைத்துவிட்டு, பயனில்லை என்பார்கள். சரியாகச் செருகினால் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நான் ஒருக்களித்துப் படுப்பவன். ஒரு மணி நேரத்தில் கீழ்க்காது வலிக்கும், தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவேன். என் மனைவி பெருக்கும்போது கட்டிலடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குவியல் கிடைக்கும்.

அலுவலக நண்பர் புகார் கொடுக்கச் சொன்னார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை நான் எத்தனையோ முறை செய்தியில் திருத்தியிருக்கிறேன். பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம், அங்கே பகலில் 50 டெசிபலுக்கு மேல் கூடாது. படித்தால் இனிக்கும். ஆனால் அந்த மண்டலம் பள்ளிக்காக வரையப்பட்டது. நூறு மீட்டருக்குள் குடியிருக்கும் நான்தான் அங்கே சத்தம் போடக்கூடாதவன். ஜெர்மனியில் 2011-இல் சட்டத்தையே திருத்தி, மழலையர் காப்பகம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றிலிருந்து வரும் பிள்ளைகளின் சத்தத்தைப் பொதுவாகச் சுற்றுச்சூழல் கேடாகக் கருதக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். அங்கேயும் என்போன்றவர்கள் வழக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

ஜன்னலுக்கு வருகிறேன். முதலில் பார்த்த கடைக்காரர் ஸ்லைடிங் போடச் சொன்னார். வெளியே கம்பி கிரில் இருப்பதால் கதவு போலத் திறக்க முடியாது, ஸ்லைடிங்தான் தோது, விலையும் குறைவு என்றார். அவர் சொன்னதில் விலை மட்டும் உண்மை. ஸ்லைடிங் ஜன்னல் நகர வேண்டுமென்றால் சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி இருந்தாக வேண்டும். அந்த இடைவெளியில் பிரஷ் மாதிரி ஒரு பஞ்சு நாடா ஓடும். தூசியை ஓரளவு தடுக்கும், சத்தத்துக்கு அது திறந்த கதவு. கடையிலேயே மாதிரி ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்தப் பக்கம் என் மகனைப் பேசவிட்டேன். அவன் என்னைக் கிண்டல் செய்தது ஒரு சொல் விடாமல் கேட்டது.

இரண்டாவது கடையில் கதவு போலத் திறப்பதைக் காட்டினார்கள். கைப்பிடியைத் திருகினால் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் பூட்டிக்கொண்டு, பலகை ரப்பர் பட்டையை நன்றாக அழுத்துகிறது. கிரில் இருந்தால் என்ன, உள்பக்கமாகத் திறக்கும்படி செய்துகொள்ளலாம். கட்டிலை ஓரடி தள்ளிப் போட வேண்டியிருந்தது. கண்ணாடியிலும் ஒரு விஷயம் உண்டு. இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனில் இருந்தால் இரண்டும் ஒரே சுருதியில் கோட்டை விடும். அதனால் ஒன்று நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி, மற்றது வேறு தடிமனில் சாதாரணக் கண்ணாடி, இடையில் 12 மில்லிமீட்டர் காற்று என்று கேட்டு வாங்கினேன். நாலடிக்கு நாலடியாக இரண்டு ஜன்னல், மொத்தம் 32 சதுர அடி. சதுர அடிக்கு 1,350 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 50,976 ரூபாய். இரண்டு மாதச் சம்பளத்தில் துண்டு விழுந்தது.

பொருத்திய பையன்கள் சுறுசுறுப்பானவர்கள். பழைய வேப்பமரச் சட்டத்தைப் பெயர்த்து ஒரே நாளில் முடித்தார்கள். அன்று மாலை ஜன்னலைச் சாத்திக் கைப்பிடியைத் திருகியபோது அறை சட்டென்று சுருங்கியதுபோல இருந்தது. சந்தில் போன ஆட்டோ, படத்தில் ஒலியை நிறுத்திவிட்டதுபோல ஓசையின்றிப் போனது. மனைவியை அழைத்துக் காட்டினேன். அவளும் ஒப்புக்கொண்டாள். அவள் எளிதில் ஒப்புக்கொள்கிறவள் அல்ல.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு விழித்துவிட்டேன்.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஏமாந்துவிட்டேன் என்று கடைக்காரருக்குப் போன் செய்து கத்திவிட்டு, பிறகுதான் நிதானமாக அறையைச் சுற்றி வந்தேன். ஜன்னலுக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, பழைய வீடுகளில் இருக்கும் அந்தச் சிமெண்ட் வென்டிலேட்டர். ஓரடி அகலம், முக்கால் அடி உயரம், நடுவே பூ வேலைப்பாடு. ஐந்து வருடமாகக் கண்ணெதிரே இருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை. நாற்காலியில் ஏறிக் காதை வைத்தால் மொத்தப் பள்ளியும் அதன் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தண்ணீரும் சத்தமும் ஒன்று, ஓட்டை இருக்கும் இடமெல்லாம் வரும். அளவெடுக்க வந்தவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்டபோது, ஜன்னலுக்குத்தானே சார் ஆர்டர் கொடுத்தீர்கள் என்றார். பதில் சொல்ல முடியாத கேள்விதான், ஆனால் கோபம் வந்தது. அதையும் திறக்காத கண்ணாடியால் அடைக்க இன்னும் 2,000 ரூபாய். கதவின் அடி இடுக்குக்கு ஒரு ரப்பர் பட்டை, 180 ரூபாய், நானே ஒட்டினேன்.

செல்பேசிச் செயலியில் அளந்து பார்த்தேன். அதன் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். காலை இடைவேளையில் ஜன்னல் திறந்திருந்தால் 71. பழைய ஜன்னலைச் சாத்தியபோது 59. புது ஜன்னல், வென்டிலேட்டர் அடைக்காமல் 52. அடைத்தபின் 42. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோல இருக்கும். ஐம்பதாயிரம் கொடுத்ததற்கு ஏழு, இரண்டாயிரம் கொடுத்ததற்குப் பத்து என்ற கணக்கு எனக்கு இன்னும் கசக்கிறது. மின்விசிறியை நாலில் வைத்தால் அதுவே 46 காட்டுகிறது. அதாவது பிள்ளைகள் இப்போது என் மின்விசிறிக்குக் கீழே போய்விட்டார்கள்.

அப்படியும் விழித்தேன்.

இந்த முறை தலையணைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேடு வைத்தேன். விழித்ததும் மணி பார்த்து, எதனால் விழித்தேன் என்று எழுத வேண்டும். பத்து வேலை நாள் எழுதியதில் கிடைத்தது இது: ஒன்பது இருபதுக்கு ஒலிபெருக்கி, எட்டு நாள். விளையாட்டு ஆசிரியரின் விசில், நான்கு நாள். குழாயடியில் தட்டு விழுந்தது, ஒரு நாள். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவு வந்தபிறகு, இந்தப் பள்ளியின் நாள் தட்டு கழுவும் ஓசையோடுதான் தொடங்குகிறது. தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, ஒரு நாள். பிள்ளைகளின் கூச்சல், பூஜ்யம்.

ஐந்து வருடமாக நான் பழி சுமத்தியது பிள்ளைகள்மேல். இடைவேளையில் நானூறு பேர் ஒன்றாகக் கத்துவது அருவி மாதிரி ஒரே இரைச்சல். உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. எழுப்புவது திடீரென்று கிளம்பும் ஒலி. அதைவிட மோசம், பொருள் உள்ள ஒலி. தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடிதான், அதில்கூடப் புரண்டு படுத்துவிடுவேன். அதன்பின் ஒரு மாணவி வந்து செய்தி வாசிப்பாள். ‘பல்லி மானவர்கல்’ என்று தொடங்குவாள். கண் விழித்துவிடும். ளகர லகரம் திருத்திச் சம்பளம் வாங்குகிறவனை அது எழுப்பாமல் வேறு எது எழுப்பும்?

ஒரு நாள் பதினொரு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை நான் சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்து, விளையாட்டு ஆசிரியரையும் துணைக்கு அழைத்துவிட்டார். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் சண்டைக்குத்தான் வந்தார்களாம். நான் குறிப்பேட்டை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். “பிள்ளைகளுக்கு ஒன்றுமே போடவில்லையே சார்?” என்றார். பூஜ்யம் போட்டிருக்கிறேன் டீச்சர் என்றேன். பள்ளிக் கட்டடத்தின் மேலிருந்த கூம்பு ஒலிபெருக்கி திடலைக் கடந்து நேராக என் ஜன்னலைப் பார்த்திருந்தது. அதைக் கழற்றி, என் வீட்டுப் பக்கத்துச் சுற்றுச்சுவர்க் கம்பத்தில் மாட்டி, கட்டடத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டோம். கூம்பின் முதுகுப் பக்கம் சத்தம் எவ்வளவோ குறைவு. எலெக்ட்ரீஷியன் கூலி 600 ரூபாயை நான் கொடுத்தேன். விசிலைப் பற்றி விளையாட்டு ஆசிரியர் வாக்குறுதி எதுவும் தரவில்லை. ஆனால் இப்போது திடலின் அந்தக் கோடியில், புங்க மரத்தடியில் நின்று ஊதுகிறார்.

ஆக, ஜன்னலுக்கு என் மதிப்பெண் ஐந்தில் மூன்றரை. பேச்சு, கூச்சல், விசில் போன்ற உச்ச ஒலிகளை அது நன்றாகத் தடுக்கிறது. மேளத்துக்கு எந்தப் பயனும் இல்லை. தாழ்ந்த ஒலி கண்ணாடியையும் சுவரையும் சேர்த்து அதிரவைத்துக்கொண்டு வரும். சுதந்திர தினத்துக்கு முன் இரண்டு வாரம் பேண்டு ஒத்திகை நடக்கும். அதற்கு நான் விடுப்பு எடுத்து ஊருக்குப் போய்விடுகிறேன். கடைக்காரர் ‘சவுண்ட் புரூஃப்’ என்றே சொன்னார். அந்தச் சொல்லை அவர் தன் விளம்பரத்திலிருந்து எடுத்துவிடலாம்.

அரை மதிப்பெண் மழைக்காகக் குறைத்தேன். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நுரையை அடித்தவர்கள், வெளிப்பக்கம் ஒரு மூலையில் சிலிகான் பூச மறந்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கிச் சுண்ணாம்பு பெயர்ந்தது. மூன்று முறை போன் செய்தபின் வந்து பூசினார்கள், பணம் கேட்கவில்லை.

இன்னொரு செலவை யாரும் சொல்லமாட்டார்கள். காற்று. திருச்சி வெயிலில் பங்குனி பிறந்துவிட்டால், வென்டிலேட்டரும் அடைத்த அறையில் மின்விசிறி வெந்நீரைத்தான் இறைக்கும். ஜன்னல் போட்ட மூன்றாம் மாதம் ஏ.சி. வாங்கினேன். இரண்டு மாத மின்கட்டணம் ஆயிரத்துக்குள் இருந்தது, கோடையில் 3,400 ஆனது. ஜன்னலுக்குப் பணம் ஒதுக்கும்போதே இதையும் சேர்த்து ஒதுக்குங்கள். அதற்கும் முன்னால் பத்து ரூபாய்க்கு ஒரு குறிப்பேடு வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

சனி, ஞாயிறுகளில் திடலில் தெருப் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். டென்னிஸ் பந்து அவ்வப்போது கிரில் கம்பிக்குள் நுழைந்து, கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து எடுக்க முடியாது, நான்தான் உள்பக்கம் திறந்து எடுத்துப் போட வேண்டும். முன்பெல்லாம் சந்தில் நின்று “அண்ணே, பந்து” என்று கத்துவார்கள். இப்போது எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்பதில்லை. இரண்டு வாரம் கத்திப் பார்த்துவிட்டு, மாடியேறி வந்து அழைப்புமணியை அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சனிக்கிழமை மட்டும் மணியின் இணைப்பைப் பிடுங்கி வைக்கிறேன். கேஸ் சிலிண்டர்க்காரர் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டார் என்று வீட்டில் எனக்கு இப்போது வேறு கச்சேரி.