உப்பு அரைப்பான்: நான்கு வருடம் கழித்து

"உன்கிட்ட இருக்கிற உப்பு அரைப்பான் எப்படி, வாங்கலாமா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் அதைப் பிரித்துப் போட்டு, பல்குத்தும் குச்சியால் உள்ளே இறுகிக் கிடந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நான்கு வருடத்தில் இது மூன்றாவது முறை.

எனக்கு உப்பு பிடிக்கும். அலமாரியில் ஐந்து வகை இருக்கிறது: தூள் உப்பு, கல்லுப்பு, இந்துப்பு, கருப்பு உப்பு, செதில் உப்பு. இத்தனை எதற்கு என்று வீட்டில் கேட்காதவர்கள் இல்லை. உப்புப் பெறாத விஷயம் என்பார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். அந்த ஆசையில்தான், கையால் திருகினால் உப்பைப் பொடித்துத் தரும் இந்த அரைப்பானையும் வாங்கினேன்.

முதல் முறை அடைத்துக்கொண்டது என் தவறு. கல்லுப்பைப் போட்டேன். கடல் உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் ஒட்டிக்கொண்டு வரும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும் வரை பெரிதாகக் கசியாது. மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கல்லுப்பு ஜாடி அழுவது அதனால்தான். அரைப்பானுக்குள் அழுதால் பசைதான்.

இரண்டாவது முறை அதிபுத்திசாலித்தனம். உப்புக் குப்பியில் ஈரம் இழுக்க நாலு அரிசி போடுவார்களே, அதை இதிலும் போட்டேன். அரைப்பானுக்கு அரிசி எது, உப்பு எது என்று தெரியுமா? தட்டில் அரிசி மாவு விழுந்தது. மிச்சம் அரைப்பானின் பற்களுக்கு நடுவில் களியாகிவிட்டது.

மூன்றாவது முறைக்கு நான் பொறுப்பில்லை என்றுதான் சொல்வேன். கொதிக்கும் பாத்திரத்துக்கு நேர் மேலே பிடித்துத் திருகாதே, ஆவி அடிவழியாக ஏறும் என்று விற்கிறவர்கள் ஒரு வரி அச்சடித்திருக்கலாம். அடியில் ஒரு மூடி கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. துருப்பிடிக்காமல் இருக்க அரைக்கும் பற்களைப் பீங்கானில் செய்தவர்கள், நடுத்தண்டை மட்டும் மட்டமான உலோகத்தில் செய்திருக்கிறார்கள். இரண்டாவது முறை அடைத்தபோது தண்ணீர் விட்டுக் கழுவினேன். அதிலிருந்து தண்டில் செம்புள்ளிகள். உப்புக்கென்றே செய்த கருவி உப்பைத் தாங்கவில்லை என்றால் என்ன சொல்வது?

அப்புறம் அந்த விளம்பரப் பேச்சு: "புதிதாக அரைத்த உப்பு." மிளகுக்கு அது சரி. உடைத்ததும் எண்ணெய் வாசம் பறந்துவிடும், அதனால் அவ்வப்போது அரைப்பதில் அர்த்தம் இருக்கிறது. உப்பு தாது. பாகிஸ்தானின் கெவ்ரா சுரங்கத்து இந்துப்பு 50 கோடி வருடங்களுக்கும் மேலாகப் பாறைக்குள் கிடந்தது. நேற்று அரைத்து வைத்ததால் அதில் எது கெட்டுப்போகும்? அந்த இளஞ்சிவப்பு நிறமும் இரும்பு ஆக்சைடு தருவதுதான். சூப்பில் கரைந்துவிட்டால் எந்த உப்பு போட்டேன் என்று எனக்கே தெரியாது. தவிர, இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. அன்றாடச் சமையலுக்கு அயோடின் கலந்த தூள் உப்பை நான் விடாததற்கு அதுவே காரணம்.

கருப்பு உப்பையும் ஒரு தரம் இதில் அரைத்தேன். அதன் கந்தக வாசனை பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாதம் வரை எதில் திருகினாலும் அவித்த முட்டை வாசம்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. நறுக்கிய தக்காளியின் மேல், சாப்பிட உட்காரும்போது, பெருவெட்டாக நாலு திருகு திருகிப் பாருங்கள். தூள் உப்பு உடனே கரைந்து தண்ணீர் விட வைக்கும். இது அங்கங்கே பருக்கைகளாக நின்று, நாக்கில் பட்டதும் ஒவ்வொன்றாக உடைகிறது. ஒரு வாய் உப்பு, ஒரு வாய் தக்காளி இனிப்பு. செதில் உப்பு இதை இன்னும் அழகாகச் செய்யும். உப்பு நீரின் மேற்பரப்பில் உள்ளே வெறுமையான பிரமிடுகளாக வளர்ந்த படிகம் அது, விரலால் நசுக்கினாலே போதும். ஆனால் அதை அரைப்பானில் போடுவது பாவம்.

நான் எதிர்பார்க்காத ஒன்று: சாப்பாட்டில் நான் போடும் உப்பு குறைந்துவிட்டது. ஒரு தேக்கரண்டி தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். கரண்டியில் அள்ளும்போது அந்த 6 கிராம் கண்ணுக்கே தெரியாது. ஒரு நாள் தராசில் வைத்துப் பார்த்தேன். என் அரைப்பானில் பத்துத் திருகுக்கு ஒரு கிராம்தான் விழுகிறது. பத்தாவது திருகில் மணிக்கட்டு போதும் என்கிறது. சோம்பேறித்தனம் எனக்குச் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று.

தோழிக்கு ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன்: வாங்காதே. கல்லுப்பை உரலில் இரண்டு தட்டு தட்டினால் இதே வேலை நடக்கும், கழுவவும் சுலபம்.

"சரி, அப்போ உன்னோடதைத் தூக்கிப் போடப் போறியா?" என்று கேட்டாள்.

பற்களைக் கழற்றித் துணியின் மேல் காயவைத்திருக்கிறேன். நாளை சாயங்காலம் மாட்ட வேண்டும். தக்காளி வாங்கி வைத்தாயிற்று.